புளிக்குக் கட்டிய வீடு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது படித்துவிட்டு அவரிடம் சொல்வார்கள். சொன்னால் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இண்டூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், எனக்கு அடுத்த வீடு அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். புருஷன் இல்லை. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, பழம் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, தருமபுரி மண்டிக்கு அனுப்புவார். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார். பாப்பா பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறந்த பிறகு நின்றுவிட்டேன். நின்ற பிறகும் அவர் அப்படியேதான் கூப்பிட்டார். மரியாதையா கிண்டலா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அவர் வாயில் ஒரு சொல் இருந்தது. "அதனால என்ன." யார் என்ன சொன்னாலும், திட்டினாலும், இடித்துப் பேசினாலும், "அதனால என்ன கண்ணு" என்று சிரிப்பார். வாயை மூடிக்கொண்டு கன்னத்தால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் எவ்வளவு பெருந்தன்மையான மனுஷி என்று நினைத்தேன். தெருவில் இருந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் ஏன் முகம் மாறுகிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

மாரியம்மன் பண்டிகையில் ஒருமுறை எல்லார் வீட்டுக் குழம்பையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்துச் சாப்பிட்டார்கள். கடைசி வீட்டுக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: "புளி வியாபாரம் பண்றவ வூட்டுக் குழம்புல புளியைக் காணோமே! அத்தனையும் மண்டிக்குப் போயிடுச்சா?" பந்தியே சிரித்தது.

"அதனால என்ன கண்ணு" என்றார் அக்கா.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தக் கடைசி வீட்டு வாசலில் ஒரு போசி நிறையக் குழம்பு. மூடி போட்ட, தூக்குப் பிடி வைத்த எவர்சில்வர் போசி. "அன்னைக்குப் புளி கம்மின்னு சொன்னீங்கல்ல, இன்னைக்குப் பாத்துச் சொல்லுங்க." அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தது. அதற்கடுத்ததும். எங்கள் பக்கம் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கழுவித் துடைத்து, குறைந்தது ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தப் பெண் முதலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். பிறகு முறுக்கு. பிறகு வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமைதோறும் இவருக்காக ஏதாவது சமைக்க ஆரம்பித்தாள். போதாததற்கு அவள் புருஷன், "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை இல்ல? போசி வரும்டி, நீ குழம்பு வெக்காத" என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டான். ஒரு வருஷம் போல நடந்திருக்கும். கடைசியில் அவளே வந்து, "அக்கா, நான் சொன்னது தப்புத்தான், வுட்டுருங்க" என்று அழுதாளாம். "அட, இதுக்குப் போய் அழுவியா?" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அனுப்பினாராம் அக்கா.

இன்னொன்று நானே பார்த்தது. அவருடைய கொழுந்தனார் மகள் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயரைப் போடவில்லை. பெரியம்மா முறை. பங்காளி வீட்டுக் குழந்தைகள் பெயர்கூட இருந்தது. "அதனால என்ன" என்றவர், பத்திரிகைக் கட்டில் பாதியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வேகாத வெயிலில் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "கல்யாணத்துக்கு அவசியம் வரணும் டீச்சரம்மா. பத்திரிகையில எம் பேரு வுட்டுப்போச்சு. அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். இதே வாக்கியத்தை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த விட்டுப்போன பெயரைப் பற்றித்தான் பேசினார்கள். கொழுந்தனார் தலை குனிந்தபடியே பந்தி பரிமாறினார்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நல்லது செய்தே ஆளைக் கொல்வார். போலீசுக்கோ பஞ்சாயத்துக்கோ போக முடியாது. என்னவென்று புகார் சொல்வது?

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

பாப்பா தவழ ஆரம்பித்திருந்தாள். எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு மதில். அதை ஒட்டி அவர் புளி மூட்டைகள், தார்ப்பாய், உடைந்த கூடைகள், ஓட்டுக் குவியல் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அதிலிருந்து ஒரு சாரைப்பாம்பு மதிலேறி எங்கள் பக்கம் இறங்கியது. விஷமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று முழுக்க நான் பாப்பாவைக் கீழே விடவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்து, வார்த்தைகளை மனதில் அடுக்கிப் பார்த்து, ஒருநாள் மதிலோரம் நின்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பா தவழுது. இந்தச் சாமானை எல்லாம் வேற எங்கயாச்சும் வெச்சுக்க முடியுமா? பாம்பு வந்தா…"

புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். அப்போதுதான் நான் இடம் பார்க்காமல் பேசிவிட்டது உறைத்தது. கூலிக்காரப் பெண்கள் முன்னால், அவர் கொல்லையில் பாம்பு குடியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

"அதனால என்ன டீச்சரம்மா" என்றார்.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கல் வந்து இறங்கியது. கொல்லையில் சாமான் வைக்க ஒரு ஷெட் கட்டப்போகிறார் என்றார்கள். தெருப் பெண்கள் என்னிடம் வந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். "மதிலை ஒட்டிக் கட்றா பாரு. மழைத்தண்ணி பூரா உங் கொல்லையிலதான்." நானும் அதைத்தான் நினைத்தேன். நல்லம்பள்ளியிலிருந்து வந்த வெல்டர் அவரோடு மல்லுக்கு நின்றது எங்கள் சமையலறை ஜன்னல்வரை கேட்டது.

"ஒரே சாய்ப்பா வுட்டுடலாங்க்கா. தகர சீட்டும் கம்மியாப் புடிக்கும், வேலையும் சட்டுனு முடியும்."

"எனக்கு ரெண்டு பக்கமும் சாயணும். நடுவுல முகடு கூரா நிக்கணும்."

"புளி வெக்கற எடம்க்கா இது. பங்களாவா?"

"புளி உங்ககிட்ட வந்து சொல்லுச்சா, எனக்கு ஒரு சாய்ப்பு போதும்னு?"

"எதுக்குன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்ல."

"எதுக்குன்னு சொன்னாத்தான் வெல்டிங் புடிக்குமா? ஒட்டுய்யா."

இரண்டு பக்கமும் சரிவு என்றால் ஒரு பக்கத்துத் தண்ணீர் நிச்சயம் என் பக்கம்தான். நான் மனதுக்குள் சண்டைக்குத் தயாரானேன். என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். அந்த மழையை நான் எதிர்பார்த்ததுபோல எந்த விவசாயியும் எதிர்பார்த்திருக்க மாட்டார். மழை வந்தது. கூரை ஓரத்தில் பாதியாக அறுத்த குழாயை ஓடவிட்டிருந்தார். தண்ணீர் அதில் விழுந்து வளைந்து ஓடி அவருடைய தென்னை மரத்தடிக்குப் போனது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் வேலை நடந்த நாட்களில் என்னைத் தினமும் கூப்பிட்டார். தெருவே கேட்கிற குரலில். "டீச்சரம்மா! கொஞ்சம் வந்து பாருங்க!" நான் போவேன். போகாமல் எப்படி இருப்பது? தரையை ஜல்லி கொட்டி உயர்த்தியிருப்பார். "இந்த உசரத்துக்குப் பாம்பு ஏறுமாங்க?" அடுத்த நாள் சுவருக்கு மேல் சன்னமான கம்பிவலை. "இதுல பூருமாங்க? வெரல வுட்டுப் பாருங்க." அதற்கடுத்த நாள் கதவுக்கு அடியில் லாரி டயரை அறுத்து ஒட்டிய பட்டை. "படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க. அப்புறம் இங்கருந்து வந்துச்சு, அங்கருந்து வந்துச்சுன்னு ஆயிடக் கூடாது பாருங்க." புளி தட்டும் பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். "போதும்க்கா, நல்லா இருக்கு" என்பேன். "எறும்பு பூந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் பூரணும்" என்று முடிப்பார்.

இதுதான் பழி, இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஷெட் முடிந்தபோது பாப்பா நடக்கத் தொடங்கியிருந்தாள். சிவப்புச் சீட்டுக் கூரை, பச்சைக் கதவு. கதவுக்கு மேல் முக்கோணத்தில் ஒரு சின்ன வட்ட ஜன்னல் வேறு. பாப்பாவிடம் கெட்டி அட்டைப் படப்புத்தகம் ஒன்று உண்டு. தவழும்போதிலிருந்தே எங்கே போனாலும் கையில் அதுதான்; அக்காவிடமும் எத்தனையோ முறை விரித்துக் காட்டியிருக்கிறாள். அன்று என் இடுப்பில் இருந்தபடி மதில்மேல் அதைப் பிரித்து வைத்தவள், புத்தகத்தில் விரலை வைத்தாள். பிறகு ஷெட்டை நோக்கி நீட்டினாள். "வூடு!" என்று கத்தினாள். நான் குனிந்து பார்த்தேன். புத்தகத்தில் சிவப்புக் கூரை, பச்சைக் கதவு, வட்ட ஜன்னல்.

அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "பாப்பாவுக்குப் பாம்பு பயம்னு சொன்னீங்கல்ல. அதான் பாப்பாவுக்கே ஒரு வூடு கட்டிட்டேன். புளி ஒரு ஓரமா இருந்துக்கும்." கையை நீட்டினார். பாப்பா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மதிலைத் தாண்டி அவர் இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு என் பிள்ளை அந்த ஷெட்டில்தான் வளர்ந்தாள். அவரைப் பெரிம்மா என்று கூப்பிடப் பழகினாள். மூட்டைகளுக்கு நடுவே அவளுக்கென்று ஒரு பாய், ஒரு சின்னத் தட்டு. வீட்டில் ஒரு கவளம் ஊட்ட நான் படாத பாடு படுவேன். அங்கே ராகிக் களியைத் தானே உருட்டி விழுங்குவாள். நான் அடிக்கடி மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பேன். புளியங்கொட்டை தொண்டையில் அடைத்துக்கொண்டால்? "கொட்டை எடுத்துட்டுத்தான் குடுக்கறேன் டீச்சரம்மா, இந்தா" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கொட்டை இருக்கும். நான் கேட்பேன் என்று தெரிந்து எடுத்து வைத்திருப்பார். நான் கூப்பிட்டால் பாப்பா வரமாட்டாள். அவர் "அம்மா கூப்பிடறாங்க பாரு, போ சாமி" என்றால்தான் வருவாள். என் பிள்ளை என்னிடம் வருவதற்கு அவர் அனுமதி வேண்டியிருந்தது.

அவர் உண்மையிலேயே அவளிடம் ஆசையாக இருந்திருக்கலாம். நான் அப்படியும் யோசித்திருக்கிறேன். தனியாக இருந்த மனுஷி. ஆனால் கடைசி வீட்டுக்குப் போன குழம்பும் ருசியாகத்தானே இருந்தது?

எல்.கே.ஜி.யில் 'எங்கள் வீடு' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்த மிஸ் தாளை என் முன் வைத்தார். சதுரம், மேலே முக்கோணம், முக்கோணம் முழுக்கச் சிவப்பு. உள்ளே பெரிதாக ஒரு உருவம், பக்கத்தில் சின்னதாக ஒன்று.

"அழகா வரைஞ்சிருக்கா மேடம். இது நீங்கதானே?"

"இல்ல மிஸ், அது பெரிம்மா" என்றாள் பாப்பா. தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாள். கோட்டுக்கு மேல் ஒரு வட்டம், இரண்டு புள்ளிக் கண்கள். "அம்மா இங்க. மதிலுக்கு மேல."

என் கணவர் தொப்பூர் சாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். "எல்லாப் புள்ளைங்களும் முக்கோணக் கூரைதான் வரையும். நாங்கூட அப்படித்தான் வரைஞ்சேன். எங்க வூடு மொட்டை மாடி" என்றார். அதுவும் சரிதான். ஆனால் அவர் வரைந்த படத்தில் அவருடைய அம்மா எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

நான் காத்திருந்தேன். எனக்குச் சத்தம் போடத் தெரியாது. போட்டாலும் அவரிடம் எடுபடாது. அவர் வழியில்தான் அவரைத் தொட முடியும்.

ஆனிக் காற்றில் ஷெட்டின் முகட்டுத் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஆள் வரும்வரை பொறுக்காமல் அவரே ஏணி வைத்து ஏறினார். இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வந்து படுத்தார்.

மூன்று வேளையும் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். தலை வாரிவிட்டேன். துணி துவைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து, புளி தட்டும் பெண்கள் இருக்கும்போது போய் நின்றேன். "இப்படி ஒரு பக்கத்து வூடு அமையணுமே" என்றார்கள் அவர்கள். ஒவ்வொரு கவளத்தையும் அவர் விழுங்கும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

"உப்பு கம்மி டீச்சரம்மா" என்றார் ஒருநாள்.

"அதனால என்னக்கா. நாளைக்கும் கொண்டாறேன், பாத்துச் சொல்லுங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கன்னத்தால் சிரித்தார். என்னை அவர் சரியாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் மகனுக்குப் போன் செய்தேன். "தம்பி, நான் சொல்லக் கூடாதுதான். அம்மாவை இந்த வயசுல ஏணி ஏற வுட்டுட்டீங்களேன்னு ஊர்ல பேசிக்கறாங்க. எனக்குக் கேக்கவே கஷ்டமா இருக்கு."

"நான் எத்தனையோ வாட்டி கூப்பிட்டுட்டேங்க்கா. வரமாட்டேங்கறாங்க."

"உங்க சம்சாரம் முழுகாம இருக்காங்களாமே. சொந்தப் பேரக் குழந்தை வரப்போவுது. இங்க ஊரான் புள்ளையை வெச்சுக்கிட்டு இருக்காங்கன்னு நாளைக்கு அவங்க மனசுல ஒண்ணு வந்துடக் கூடாது பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். படித்த பெண், பொறுப்பாகச் செய்தாள் என்றார்கள்.

காரின் பின்சீட்டில் கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தவர் மகனிடம் சொன்னார்: "டீச்சரம்மா சும்மாவா? ஒருவாட்டி பாத்தாப் போதும், அப்படியே புடிச்சுக்குவாங்க." பிறகு ஷெட் சாவியை என் கையில் வைத்தார். "உங்க சாமானை வெச்சுக்கங்க. பாம்பு பூராது." பாப்பா என் தோளில் அறைந்து அழுதாள். அவர் அவளைத் தொடவில்லை. தொட்டால் இறங்கிவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ.

பாப்பாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். தப்பு செய்துவிட்டேனோ என்று அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நினைத்தேன். காய்ச்சல் விட்டதும் அந்த நினைப்பும் விட்டது. ஷெட்டில் எங்கள் சைக்கிள், பழைய கட்டில், அரிசி மூட்டை எல்லாம் போயின. பச்சைக் கதவுக்கு நீல வண்ணம் அடிக்கச் சொன்னேன். என் கணவர்தான் அடித்தார். பாப்பா பக்கத்தில் நின்று பார்த்தாள். பெரிம்மாவைப் பற்றி அவள் கேட்டால் வேறு ஏதாவது பேசினேன். கேட்பது குறைந்தது. பிறகு நின்றது. பிள்ளைகள் மறக்கிற வேகம் எனக்கு அதுவரை தெரியாது. இப்போது முதல் வகுப்புப் படிக்கிறாள்.

போன ஆடிப் பண்டிகைக்கு அவர் வந்தார். ஓசூரிலிருந்து பஸ்ஸில், லேசாகக் காலைச் சாய்த்து நடந்து. கையில் ஒரு போசி. செவ்வாய்க்கிழமை.

பாப்பா என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாருன்னு தெரியுதா சாமி?"

பாப்பா இல்லை என்று தலையாட்டினாள். அவர் கொல்லைப் பக்கம் திரும்பி நீலக் கதவைப் பார்த்தார்.

"அது யார் வூடு சாமி?"

"எங்க வூடு."

"நல்லா இருக்கே. யாரு கட்டினது?"

"எங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லடா கண்ணு, இவங்கதான் உனக்காகக் கட்டினாங்க என்று. அந்த வார்த்தைக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது. நான் பாப்பாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நின்றேன்.

"அதனால என்ன சாமி" என்றார்.



போசியை என்னிடம் நீட்டினார். "மெதுவாத் திருப்பிக் குடுங்க டீச்சரம்மா. அவசரமில்ல." காபிகூடக் குடிக்காமல் கோயிலுக்குப் போய், அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அன்று பாப்பா அந்தக் குழம்பை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டாள். தட்டை வழித்து நக்கினாள். நான் போசியைக் கழுவித் துடைத்தேன். சர்க்கரை போட்டுப் பார்த்தேன். கொட்டிவிட்டேன். இன்னொரு நாள் அதிரசம் சுட்டு அடுக்கினேன். எடுத்துவிட்டேன். ஓசூர் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யார் கையிலாவது கொடுத்து அனுப்பலாம். முடியவில்லை. அதில் போட வேண்டியது எது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பாப்பாவிடம் உண்மையைச் சொல்லி, அவள் கையிலேயே போசியைக் கொடுத்து, ஓசூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும். அதைத்தான் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். தரமாட்டேன்.

போசியை வீட்டுக்குள் வைக்கப் பிடிக்கவில்லை. ஷெட்டில், முகட்டுக்குக் கீழே ஒரு கம்பியில் மாட்டி வைத்தேன். வட்ட ஜன்னல் வழியாக வெயில் நேராக அதன்மேல்தான் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. சாயங்காலமானால் மூட்டை, சைக்கிள், சுவர் எங்கும் அதன் வெளிச்சம் ஆடுகிறது.

போன வாரம் பாப்பா அரிசி மூட்டைமேல் ஏறி, அதை எட்டித் தொடப் பார்த்தாள்.

"இது யாரோட போசிம்மா?"

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"விழுந்துடுவ, இறங்கு" என்றேன், மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து.